10 லட்சத்துக்கு பி.எம்.டபிள்யூ கிடைக்குது... ஆனா வச்சு ஓட்ட முடியுமா? பழைய சொகுசு காரின் முழுக் கணக்கு

செகண்ட் ஹேண்ட் கார் ஆப்களை ஸ்க்ரோல் செய்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. 2013 மாடல் பி.எம்.டபிள்யூ 320டி. வெள்ளை நிறம், லெதர் சீட், சன்ரூஃப். விலையைப் பார்த்தால் ஒரு புது காம்பாக்ட் எஸ்.யூ.வி-யை விடக் குறைவு. ‘இந்தக் காசுக்கு இதையே வாங்கிடலாமே’ என்று கை பரபரக்கும்.

வாங்கலாம். தப்பே இல்லை. ஆனால் விலைப்பட்டியலில் எழுதாத ஒரு கணக்கு இருக்கிறது. கூடவே, அந்தச் செலவில் எதையெல்லாம் வீட்டு போர்டிகோவிலேயே தடுக்கலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. இரண்டையும் பார்த்துவிடலாம்.

விலை ஏன் இப்படிச் சரிகிறது?

முதல் காரணம், சொகுசு கார்களின் இயல்பு. புதிதாக வாங்குபவர்கள் வாரண்டி முடிந்ததும் அடுத்த மாடலுக்குத் தாவிவிடுவார்கள். வாரண்டி இல்லாத காருக்கு வாங்கும் கூட்டம் குறைவு. அதனால் விலை மளமளவென இறங்கும். 30 லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய கார், பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கூட வந்துவிடும்.

இரண்டாவது, டெல்லி. தலைநகரப் பகுதியில் 10 ஆண்டு தாண்டிய டீசல், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு இருக்கும் தடையை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் இந்த வண்டிகளுக்குப் பங்க்கில் எரிபொருளே கிடையாது என்ற உத்தரவு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த ஆகஸ்ட்டில் ‘உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம்’ என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. இந்தக் குழப்பத்தில் நல்ல நிலையில் இருந்த சொகுசு டீசல் கார்களைக்கூட டெல்லிக்காரர்கள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

மூன்றாவது, ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு செஸ் நீங்கி, வரி 40 சதவீதமாக நின்றது. முன்பு வரியும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதம் வரை போனது. புதுசின் விலை குறைந்தால் பழசின் விலையும் கூடவே இறங்கும்.

விலைதான் பழசாகும்... செலவு பழசாகாது!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். 10 லட்சத்துக்கு வாங்கினாலும் அது 30 லட்ச ரூபாய் கார்தான். அதன் ஹெட்லைட்டுக்கோ, டர்போவுக்கோ, கியர்பாக்ஸுக்கோ நீங்கள் எவ்வளவு கொடுத்து வாங்கினீர்கள் என்பது தெரியாது.

இது உதிரிபாகத்தோடு முடிவதில்லை. வேறு மாநிலத்து வண்டியை இங்கே கொண்டு வந்தால் 12 மாதத்துக்குள் தமிழ்நாட்டுப் பதிவு எண்ணுக்கு மாற்ற வேண்டும். அப்போது சாலை வரி, நீங்கள் பேரம் பேசிக் கொடுத்த தொகையை வைத்துக் கணக்கிடப்படாது. வண்டி புதிதாக இருந்தபோதைய விலையும் அதன் வயதும்தான் கணக்கு. ‘டெல்லியில சும்மா கிடைக்குது’ என்று வாங்கியவர்கள் ஆர்.டி.ஓ ஆபீஸில் திகைத்து நிற்பது இதனால்தான். வாங்கும் முன்பே தடையில்லாச் சான்று, வரித் தொகை இரண்டையும் விசாரித்துவிடுங்கள்.

15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் அது 10,000 ரூபாயாக உயர்ந்தது.

சென்னையில் பிறந்த காருக்கு ஏன் ஜெர்மனி விலை?

பி.எம்.டபிள்யூவின் இந்தியத் தொழிற்சாலை சிங்கப்பெருமாள் கோவில் அருகே, மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கிறது. 2007-ல் திறந்தார்கள். இங்கே ஓடும் 3 சீரிஸ், 5 சீரிஸ் கார்களில் பெரும்பாலானவை அங்கே பூட்டப்பட்டவைதான். ஆனால் ‘பூட்டப்பட்டவை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை இணைத்து காராக்கினார்கள். 2015 வாக்கில்தான் உள்நாட்டு பாகங்களின் அளவைப் பெரிதாக உயர்த்தினார்கள். அதற்கு முந்தைய மாடலுக்கு ஒரு சென்சார் தேவைப்பட்டால் அது இன்றும் கடல் தாண்டித்தான் வர வேண்டியிருக்கும்.

ஆக, பாகத்தின் விலையை நம்மால் குறைக்க முடியாது. தேவையே இல்லாத பாகத்தை மாற்றுவதைத் தடுக்க முடியும். வீட்டிலேயே செய்யும் பரிசோதனையின் உண்மையான லாபம் அதில்தான் இருக்கிறது.

முதல் டெஸ்ட்: பேட்டரி

டேஷ்போர்டில் ஒரே நேரத்தில் ஏ.பி.எஸ், ஸ்டீயரிங், கியர்பாக்ஸ் என்று தீபாவளி மாதிரி விளக்குகள் எரிகிறதா? பயப்படாதீர்கள். அத்தனையும் ஒரே நாளில் கெட்டுப்போக வாய்ப்பு குறைவு. இந்த கார்களுக்குள் பல சின்னச் சின்ன கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. மின்னழுத்தம் குறைந்தால் எல்லாம் ஒன்றாகப் புலம்பும்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். காரைப் பூட்டி அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி முழுசா இருக்கு. 12.2 என்றால் பாதி காலி. என்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். அது ஏறவே இல்லை என்றால் பிரச்சினை ஆல்டர்னேட்டர் பக்கம்.

பி.எம்.டபிள்யூவின் பெரும்பாலான மாடல்களில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கும். புதுசு போட்டதும் அதை காரின் கம்ப்யூட்டரில் ‘ரிஜிஸ்டர்’ செய்ய வேண்டும். பேட்டரியின் வயதுக்கு ஏற்ப சார்ஜ் செய்யும் சிஸ்டம் இது. புதுசு வந்ததைச் சொல்லாவிட்டால், பழைய கிழட்டு பேட்டரிக்குச் செய்வது போலவே சார்ஜ் செய்து புதுசின் ஆயுளையும் குறைத்துவிடும். இந்த கார்களுக்கென்றே இருக்கும் மொபைல் ஆப்களிலேயே ரிஜிஸ்டர் செய்துகொள்ளலாம்.

இரண்டாவது டெஸ்ட்: காரையே பேச வைப்பது

ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு அருகில் 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதுதான் ஓ.பி.டி போர்ட். ஆயிரம் ரூபாய் சுற்றிக் கிடைக்கும் ஒரு ப்ளூடூத் ஸ்கேனரை அதில் செருகி, போனில் ஆப் போட்டால் போதும். கார் சேமித்து வைத்திருக்கும் எரர் கோடுகள் திரையில் வந்துவிடும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எரர் கோடு தீர்ப்பு கிடையாது, அது வெறும் முகவரி. எந்தத் தெருவில் பிரச்சினை என்று சொல்லும். எந்த வீடு என்று சொல்லாது. சில உதாரணங்கள்:

- பி0171: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்வார்கள். முதலில் பார்க்க வேண்டியது, வெடித்துப்போன காற்றுக் குழாயையும் அழுக்கேறிய ஏர் ஃப்ளோ சென்சாரையும்.
- பி0299: டர்போ அழுத்தம் போதவில்லை. ‘டர்போ போச்சு சார்’ என்பார்கள். கழன்ற ஒரு கிளாம்ப், கிழிந்த ஒரு ஹோஸ் கூட இதே எண்ணைத்தான் காட்டும்.
- பி0128: என்ஜின் போதிய சூட்டுக்கு வரவில்லை. பெரும்பாலும் திறந்தபடியே மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்.
- பி0301: முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. பெட்ரோல் காராக இருந்தால் அந்த இக்னிஷன் காயிலைக் கழற்றி இரண்டாவது சிலிண்டரில் போட்டுப் பாருங்கள். கோடு பி0302 ஆக மாறினால் குற்றவாளி காயில்தான். செலவே இல்லாமல் பதில் கிடைத்துவிடும்.

வாங்கப் போகும்போதும் இந்த ஸ்கேனரைக் கையில் எடுத்துப் போங்கள். விற்பவர் காலையில்தான் கோடுகளை அழித்திருந்தால் திரை சுத்தமாக இருக்கும். ஆனால் ஆப்பில் ‘ரெடினெஸ்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. கார் தன்னைத் தானே சோதித்து முடித்ததா என்று அது காட்டும். பல சோதனைகள் ‘முடியவில்லை’ என்று இருந்தால், யாரோ சமீபத்தில் அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம். ‘எதுக்கு சார் அழிச்சீங்க?’ என்று நேராகவே கேளுங்கள்.

மூன்றாவது டெஸ்ட்: காது

என்ஜின் முழுசாக ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து கேட்பது பெரிய பரிசோதனை. நீங்கள் போவதற்குள் விற்பவர் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

குறிப்பாக 2007-க்குப் பிறகு வந்த 2.0 லிட்டர் பி.எம்.டபிள்யூ டீசல்களில் பலவற்றில் இருப்பது என்47 என்ஜின். டைமிங் செயின் தேய்மானத்துக்கு உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. இதில் செயின் என்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அதனால் பாகத்தின் விலையை விட, அதை எட்டுவதற்கான கூலிதான் அதிகம். என்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். பின்பக்கமிருந்து சங்கிலி உரசும் கரகர சத்தம் வந்தால் ஓட்டாதீர்கள். செயின் அறுந்தால் என்ஜினே போய்விடும். 10 லட்சத்துக்கு வாங்கிய காருக்கு இந்த ஒரு ரிப்பேர் எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை... அரை மணி நேரம்

கூலன்ட்: என்ஜின் ஆறியிருக்கும்போது அளவைப் பாருங்கள். மாதாமாதம் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. எக்ஸ்பான்ஷன் டேங்க், குழாய் இணைப்புகள் எல்லாம் பிளாஸ்டிக். நம்ம ஊர் வெயிலில் பத்து வருடத்தில் அப்பளம் மாதிரி ஆகிவிடும். பி.எம்.டபிள்யூவின் பல பெட்ரோல் மாடல்களில் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது. அது ஒழுகி எச்சரிக்கை கொடுக்காது, திடீரென நின்றுவிடும். டெம்பரேச்சர் எச்சரிக்கை வந்தால் ‘வீடு பக்கத்துலதான்’ என்று ஓட்டாமல் அங்கேயே நிறுத்துங்கள். அந்த இரண்டு கிலோமீட்டரில் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும்.

என்ஜின் ஆயில்: பல மாடல்களில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியே கிடையாது. ஸ்க்ரீன் மெனுவில்தான் பார்க்க வேண்டும். கேனில் 5டபிள்யூ-30 என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கார் கம்பெனியின் அங்கீகார எண் முக்கியம். பி.எம்.டபிள்யூ டீசல்களுக்கு ‘லாங்லைஃப்-04’ என்று இருக்க வேண்டும். மெனு 25,000 கிலோமீட்டர் என்று காட்டினாலும், நகர நெரிசலில் ஓடும் பழைய காருக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஒரு கூடுதல் ஆயில் சேஞ்ச், ஒரு டர்போவை விட மலிவு.

கியர்பாக்ஸ் ஆயில்: ‘லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்’ என்று சொல்வார்கள். ஆனால் 320டி உள்ளிட்ட பல மாடல்களில் இருக்கும் 8 ஸ்பீடு கியர்பாக்ஸைத் தயாரித்த இசட்.எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய லைஃப்டைம் என்பதுதான் கேள்வி. இது வீட்டில் செய்யும் வேலை இல்லை. சரியான சூட்டில் அளவு பார்த்து நிரப்ப வேண்டும். ஆனால் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டியது நீங்கள்தான்.

சன்ரூஃப் வடிகால்: இதை யாரும் சொல்ல மாட்டார்கள். சன்ரூஃப் ஓரங்களில் மழைநீர் இறங்க மெல்லிய குழாய்கள் உண்டு. இலையும் தூசியும் அடைத்தால் தண்ணீர் காருக்குள் இறங்கி, கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் வயரிங்கை நாசம் செய்யும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, கீழே வெளியேறுகிறதா என்று பாருங்கள். அழுத்தமான காற்றடித்து ஊதாதீர்கள், குழாய் உள்ளேயே கழன்றுவிடும்.

டயர், பிரேக்: டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம், தயாரான வாரமும் வருடமும். ‘2318’ என்றால் 2018-ன் 23-வது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் இவ்வளவு பழைய டயரை நம்பக் கூடாது. பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பங்க்கில் இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்களில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் சீக்கிரம் மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாசம் அடிக்கிறதா, ஹோஸ்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் தொடவே கூடாது!

யூடியூப் பார்த்து எல்லாவற்றையும் செய்யலாம் என்று நினைக்காதீர்கள்.

- மஞ்சள் நிற வயர், கனெக்டர் என்றால் ஏர்பேக். கை வைக்காதீர்கள்.
- டீசல் என்ஜினின் ஃப்யூயல் லைனைத் தளர்த்தாதீர்கள். டயரில் இருப்பது சுமார் 2.2 பார் அழுத்தம். ஓடும் டீசல் என்ஜினின் காமன் ரயிலில் 1,500 பாரையும் தாண்டும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.
- சூடான கூலன்ட் மூடியைத் திறக்காதீர்கள்.
- ஜாக்கி மட்டும் போட்டு காருக்கு அடியில் படுக்காதீர்கள். ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார் என்றால் இன்னும் ஆபத்து, தானாகவே இறங்கலாம்.

பாகம் எங்கே வாங்குவது?

கார் கம்பெனி எல்லா பாகங்களையும் தானே செய்வதில்லை. பாஷ், இசட்.எஃப், மாலே, ஹெல்லா போன்ற நிறுவனங்கள்தான் செய்து கொடுக்கின்றன. லோகோ இல்லாத பெட்டியில் அதே நிறுவனத்தின் பாகம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சேஸிஸ் எண்ணின் கடைசி ஏழு எழுத்துகளை வைத்து சரியான பார்ட் நம்பரைக் கண்டுபிடித்துவிட்டுப் பேரத்தைத் தொடங்குங்கள்.

சென்னை என்றால் புதுப்பேட்டை நினைவுக்கு வரும். கதவு, கண்ணாடி, சீட், பம்பர் எல்லாம் அங்கே பார்க்கலாம். ஆனால் எலெக்ட்ரானிக் மாட்யூல் வாங்கும்போது கவனம். அவற்றில் பல, பழைய காரின் சேஸிஸ் எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கும். உங்கள் காரில் செருகினால் ‘நீ யாரு?’ என்று கேட்கும். ஏர்பேக், பிரேக் பாகங்களைப் பழசாக வாங்கவே வேண்டாம்.

சட்டம் யார் பக்கம்?

‘வெளியில ரிப்பேர் பார்க்கக் கூடாது, டூல் எங்ககிட்ட மட்டும்தான்’ என்று கம்பெனிகள் சொல்வது சரியா? இந்தக் கேள்வியை இந்தியப் போட்டி ஆணையம் 2014-லேயே கையில் எடுத்தது. உதிரிபாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் அடைத்து வைத்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ் பென்ஸ் இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போக, விவகாரம் வருடக்கணக்கில் நீண்டது.

2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘ரைட் டு ரிப்பேர்’ தளத்தைத் தொடங்கியது. வாகனத் துறையும் அதில் ஒன்று. ஆனால் தகவல் தருவதோடு அது நிற்கிறது; ‘தந்தே ஆக வேண்டும்’ என்று கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் இன்னும் இல்லை. அதனால்தான் பழைய சொகுசு காரை வைத்திருப்பவருக்கு, நல்ல தனியார் மெக்கானிக் ஒருவர் குடும்ப டாக்டர் மாதிரி ஆகிவிடுகிறார்.

வெள்ளமும் இன்ஷூரன்ஸும்

சென்னைக்காரர்கள் இதைத் தவிர்க்க முடியாது. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் ஏராளம். அவற்றில் சில, சுத்தம் செய்யப்பட்டு மீண்டும் சந்தைக்கு வரும். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் நடையைக் கட்டுங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள ஸ்க்ரூக்களில் துரு, ஏ.சி போட்டதும் பூஞ்சை வாசம் இதெல்லாமும் காட்டிக் கொடுக்கும்.

உங்கள் கார் தண்ணீரில் நின்றால், எவ்வளவு ஆசை வந்தாலும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். என்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இன்னொரு கணக்கும் இங்கே ஒளிந்திருக்கிறது. ரிப்பேர் செலவு, காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் அதை ‘டோட்டல் லாஸ்’ என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் காரின் காப்பீட்டு மதிப்பு 8 லட்சம் என்றால், 6 லட்சத்தைத் தாண்டும் பில்லே போதும். 30 லட்ச ரூபாய் காரின் பாக விலைக்கு அந்த எல்லையைத் தொடுவது பெரிய விஷயமே இல்லை. மற்றவர்களுக்கு ரிப்பேராக முடியும் விபத்து, இங்கே காரையே இழப்பதாக முடியும்.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

மூன்று கேள்விகளுக்கு ‘ஆமாம்’ என்றால் வாங்கலாம். வாங்கும் விலையில் குறைந்தது கால் பங்கைத் தனியாக ரிப்பேருக்கென எடுத்து வைக்க முடியுமா? அன்றாட அலுவலகப் பயணத்துக்கு வேறு வண்டியோ மெட்ரோவோ இருக்கிறதா? ஊரில் இந்த பிராண்டைத் தெரிந்த ஒரு தனியார் மெக்கானிக்கின் நம்பர் கையில் இருக்கிறதா?

சம்பளம் முழுக்க இ.எம்.ஐ-க்குப் போகும் நிலையில் வாங்கினால், முதல் பெரிய பில்லிலேயே காரை ஷெட்டில் நிறுத்த வேண்டியதுதான். ஓடாமல் நின்றால் பேட்டரி, டயர், ரப்பர் என்று எல்லாம் இன்னும் வேகமாகக் கெடும். கடைசியில் நீங்களும் அதை அடிமாட்டு விலைக்கு ஆப்பில் போடுவீர்கள்.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், முன்பணம் கொடுக்கும் முன் ஒரு ஸ்கேனர் வாங்கிவிடுங்கள். அந்த ஆயிரம் ரூபாய்தான் இந்த மொத்தக் கணக்கிலேயே மலிவான செலவு.